கால்வாயில் கடல் ஏறும் நேரம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், சென்னையில் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கீழே ஒரு தேங்காய் மட்டை தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த இடத்திலிருந்து அடையாறு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாக்கடை என்றால் ஆற்றைப் பார்த்து, அதாவது வடக்கே, ஓடியிருக்க வேண்டும். மட்டையோ ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், திருவான்மியூர்ப் பக்கம் போகிறது. ரயிலை விட்டுவிட்டு அது கண்ணை விட்டு மறையும் வரை நின்றேன்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். தண்ணீர் தெற்கே போனது, ஆனால் நேற்றைவிட மெதுவாக. நாலாம் நாள் அசையாமல் கிடந்தது. ஒரு வாரம் கழித்து எல்லாக் குப்பையும் வடக்கே, ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இது ஓதம். வங்காள விரிகுடா ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகிறது. அதனால் ஒரே நேரத்துக்குப் பாலத்தில் நிற்கிறவனுக்கு வாரத்துக்கு வாரம் தண்ணீர் திசை மாறியதுபோலத் தெரியும். கடல் அடையாற்று முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஆற்றில் ஏறி, அங்கிருந்து திரும்பி இந்தக் கால்வாய்க்குள் நுழைந்து, என் காலுக்குக் கீழே அந்த மட்டையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. சின்ன வயதிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் கடல் இருந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து இந்தக் கால்வாய் என்னை விடவில்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ஊற்றுக்கண் கிடையாது. அது மலையில் பிறக்கவில்லை, ஏரியிலிருந்து கிளம்பவில்லை. ஆந்திராவில் பெத்தகஞ்சம் தொடங்கி இங்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர், கடலுக்குப் பக்கத்திலேயே, கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. அதில் 160-க்குச் சற்று மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், கூவம், அடையாறு, முட்டுக்காடு என்று ஏற்கெனவே கடலுக்கு வாய் திறந்திருந்த நீர்நிலைகளை வடக்கு தெற்காக ஒரு நூலில் கோத்ததுபோல வெட்டப்பட்டது. அந்த வாய்கள் வழியாகக் கடல் உள்ளே வந்தால்தான் கால்வாயில் சுத்தமான தண்ணீர். நம் கடற்கரையில் ஓதம் பெரிய அளவில் ஏறுவதில்லை, அமாவாசை பௌர்ணமிக்குக்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரை வைத்துக்கொண்டுதான் முழுக் கால்வாயும் உயிரோடு இருந்திருக்கிறது.

நெய்தல் திணைப் பாட்டுகளைப் படித்தவர்களுக்குக் ‘கழி’ என்ற சொல் தெரியும். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடம். மணல்மேட்டுக்குப் பின்னால் கழி, கழிக்குப் பின்னால் உப்பளம், உப்பளத்துக்குப் பின்னால் ஊர். சோழமண்டலக் கடற்கரையின் அமைப்பே அதுதான். கால்வாய் வெட்டியவர்கள் புதிதாக ஒரு நிலத்தைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த கழிகளுக்கு நடுவே விட்டுப்போன இடங்களைத் தோண்டி இணைத்தார்கள்.

முதலில் தோண்டியவர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்து சென்னையில் பெரும்பணம் சேர்த்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டர், அவருடைய சொந்த முதலீடு. 1806-இல் சிறு படகுகள் அதில் ஓட ஆரம்பித்தன. வெகுகாலம் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நீட்டினார்கள். அடையாற்றுக்குத் தெற்கேயும் ஒரு கால்வாய் வந்தது. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் சுமார் 8 கிலோமீட்டர் விட்டுப்போயிருந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, அதாவது இன்று பறக்கும் ரயில் ஓடுகிற அதே கோடு.

இந்த எட்டுக் கிலோமீட்டரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைத் தோண்டியது தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்து, மாகாணமெங்கும் சனங்கள் சாக ஆரம்பித்து, உயிரோடிருந்தவர்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு நிவாரணம் என்ற பெயரில் கொடுத்த வேலைகளில் ஒன்றுதான் 1877-78-இல் இந்தக் கால்வாயைத் தோண்டுவது.

அந்தக் காலத்து நிவாரணக் கூலி என்னவென்று தேடிப் பார்த்தேன். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கொண்டுவந்த உத்தரவின்படி, மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசு, அதோடு ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சமையலறைக்குப் போய் 450 கிராம் அரிசியை எடை போட்டு ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படியில் அரைப்படிகூட வரவில்லை. அதைத் தின்றுவிட்டு வெயிலில் நாள் முழுக்க ஈரமண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார், சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர் போனதுதான். கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஐந்து தலைமுறையாகச் சென்னையில் இருக்கும் எத்தனையோ குடும்பங்கள் அன்று அந்தக் கூடையைச் சுமந்தவர்களின் வாரிசாக இருக்கலாம். மந்தைவெளியில் ரயில் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டு அரிசி ஞாபகம் வரும்.

சரி, கால்வாய் ஓடியது. எண்பது தொண்ணூறு வருஷம் நன்றாகவே ஓடியது. உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல், கருவாடு, காய்கறி எல்லாம் படகில் வந்தன. எங்கள் தாத்தா 1950-களில் மயிலாப்பூரில் ஒரு விறகுத்தொட்டியில் வேலை பார்த்தவர். தெற்கேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் வருமாம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் ஒரு ஆள் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பான், இன்னொருவன் படகில் நின்று மூங்கில் கோலை ஊன்றித் தள்ளுவான். “ஓதம் ஏறுறப்போ வந்தா கட்டை நேரா கரையில இறங்கும்டா, வத்திப்போச்சின்னா முழங்கால் சேத்துல எறங்கித் தூக்கணும்” என்று சொல்வார். படகு வந்துவிட்டதா என்று கேட்க மாட்டார்களாம், தண்ணி ஏறிடுச்சா என்றுதான் கேட்பார்களாம். பாரதிதாசன் 1934-இல் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். அதிலும் கயிறு இழுக்கும் தொழிலாளிதான் அவர் கண்ணில் நிற்கிறான். தாத்தாவுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது, ஆனால் கயிறு இழுக்கிறவனின் தோளில் காய்ப்பு எந்த இடத்தில் இருக்கும் என்று என் தோளில் கைவைத்துக் காட்டியிருக்கிறார். கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே, நாலு விரல் அகலம்.

அந்தக் காலம் ஊர்ப்பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இருக்கும் ‘பேசின்’ படகுகள் ஒதுங்கிய நீர்த்தொட்டி. சால்ட் கோட்டர்ஸ் உப்புக் கிடங்கு. சேப்பாக்கத்தில் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, பூட்டு வியாபாரம் எதுவும் அங்கே நடக்கவில்லை. ஆற்று மட்டமும் கால்வாய் மட்டமும் வேறு வேறாக இருக்கும்போது படகை ஏற்றி இறக்க அடைப்புக் கதவு வைப்பார்கள், அதற்கு லாக் என்று பெயர். மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குக் காய்கறி படகில்தான் வந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று அங்கே இருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய் ஏன் செத்தது என்றால் எல்லோரும் சாக்கடையைக் கலந்துவிட்டார்கள் என்பார்கள். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது பாதிதான். கடலை உள்ளே வரவிடாமல் செய்தது மீதிப் பாதி.

நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் கிடக்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்வாக அடித்து அடித்து மணலை வடக்கே நகர்த்தும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம். இப்படிப் போய்க்கொண்டிருந்த மணலுக்குக் குறுக்கே 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே முட்டி நின்றது. வடக்கே ராயபுரத்துக்கு மணல் போகவில்லை, அங்கே கடல் கரையைத் தின்றது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. இன்று நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு அலை வரை நடக்கிறோமே, அந்த நடை தூரத்தில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். அதே மணல்தான் நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே கூவத்தின் வாயையும் அடைத்தது. முன்பும் கோடையில் அங்கே மணல்திட்டு விழுந்திருக்கும், நம் ஆறுகள் எல்லாவற்றுக்கும் அது வழக்கம். துறைமுகம் வந்தபின் அது தீராத வியாதி ஆகிவிட்டது.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சத்தில் அடிபட்ட சனங்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க மண் சுமந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் துறைமுகச் சுவரும் எழும்பிக்கொண்டிருந்தது. கால்வாய் முழுமையான அதே பத்தாண்டில் அதன் மூக்கைப் பிடிக்கிற வேலையும் தொடங்கிவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, கால்வாய் கட்டியவர்களும் துறைமுகம் கட்டியவர்களும் மணலிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரயிலும் லாரியும் வந்தன. 1965, 66 புயல்களில் கரைகளும் அடைப்புக் கதவுகளும் சேதமாகிப் படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். பிறகு நகரத்துக்குள் ரயில் விட இடம் தேடியபோது, யாருக்கும் சொந்தமில்லாத நேர்கோடாகக் கால்வாய் கண்ணில் பட்டது. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி. தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 25 மீட்டர் அகலம் இருந்த இடங்கள் 10 மீட்டர் அளவுக்குச் சுருங்கின. கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பு நிலத்தை ஒட்டி அனுப்பினார்கள். ஒரு நீர்க்கரையிலிருந்து தூக்கி இன்னொரு வெள்ளக் காட்டில் கொண்டுவைத்தது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை. நானும் அந்த ரயிலில்தான் இருபது வருஷமாக வேலைக்குப் போகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாற்றத்தைப் பற்றி ஒன்று. மந்தைவெளியில் கால்வாயை ஒட்டி என் அக்கா வீடு. பூஜையறையில் இருக்கும் வெள்ளி விளக்கை வெள்ளிக்கிழமை திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால், கோடையில் அடுத்த செவ்வாய்க்குள் அது கறுத்துவிடும். ஏசி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு “கால்வாய்க் காத்து மேடம், காயில் தாங்காது” என்பார். காரணம் இதுதான். கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. சாக்கடையில் அழுகும் பொருள் நிறைய உண்டு. இரண்டும் கலந்து, நகராமல் தேங்கி, பிராணவாயு தீர்ந்துபோனால், அந்த இருட்டுச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றி வெளியே விடும். அழுகின முட்டை நாற்றம் அதுதான், வெள்ளியைக் கறுப்பாக்குவதும் அதுதான். வெறும் நன்னீரில் விழும் சாக்கடையைவிட உப்புக்கழியில் தேங்கும் சாக்கடை இப்படி அதிகமாக நாறும். ஆனால் அதே கடல்நீர் தினம் இரண்டு தடவை வந்து போய்க்கொண்டிருந்தால், பிராணவாயுவையும் கூடவே கொண்டுவந்து, அழுக்கையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்விடும். முகத்துவாரம் திறந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் அக்கா வீட்டு விளக்கு பத்து பன்னிரண்டு நாள் வெள்ளையாக நிற்கிறது. எனக்கு எந்த ஆய்வறிக்கையும் வேண்டியதில்லை, அந்த விளக்கு போதும்.

வெள்ளத்திலும் இதே கதைதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுகிறது. அங்கே நின்று பார்த்தால் கடல் கிழக்கே மிகப் பக்கம். ஆனால் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போக வழியில்லை, கால்வாயைப் பிடித்துக்கொண்டு தெற்கே முட்டுக்காடு வரை போய், கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். மழை கொட்டுகிற நேரத்தில் கடல் ஏறியிருந்தால் அந்த வாயில் தண்ணீர் நின்றுவிடும். வேளச்சேரிக்காரர்கள் அடுத்த முறை மொட்டைமாடியில் நின்று மழையைப் பார்க்கும்போது ஓத நேரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் எப்போது வடியத் தொடங்கும் என்று அதில் ஓரளவு தெரியும். 2004 சுனாமியில் கடல் தாண்டி வந்த தண்ணீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் வாங்கிக்கொண்டு திரும்ப விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை கறுப்பாகப் போனதும் இதே கால்வாய் வழியாகத்தான். அங்கே கழித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக் கூடைக்குள் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணெய் என்பது செய்தி அல்ல, கழுத்து வரை வந்தது.

ஆனால் கடலை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நகரத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அடையாற்றுக் கழியின் ஓரத்தில், ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, ஓதத் தண்ணீர் வந்துபோக வழிவிட்டு, அலையாத்திச் செடி நட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். அங்கே இன்று மடவை மீன் துள்ளுகிறது, நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும்படி செய்தார்கள்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஊரூர் குப்பத்துக்குப் போனேன். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் மணல்திட்டு முகத்துவாரத்தை முழுக்க மூடியிருந்தது. இந்தப் பக்கம் பச்சையாகக் கலங்கிய ஆறு, அந்தப் பக்கம் அலை, நடுவில் முப்பது நாற்பது அடி மணல், அதில் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் “எப்போண்ணா திறக்கும்?” என்றேன்.

“மணலு ஏறிக்கிச்சு தம்பி. மழை வந்தா ஆறே ஒடச்சிக்கினு போவும். அதுக்கு முன்னாடி மிசினு வந்து வெட்டுவாங்க. வெட்டின ரெண்டாம் நாளு பாரு, மடவை உள்ள ஏறும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உள்ள இருக்கிறது அப்பிடியேதான் கெடக்கும்.”

ஐப்பசி பிறந்ததும் பொக்லைன் இரண்டு வந்து வாயை வெட்டியதாக அவர் போனில் சொன்னார். மறுநாள் காலை வழக்கமான ரயிலுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே பாலத்துக்குப் போய்விட்டேன். தண்ணீர் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் நகர்ந்தது, தெற்கே. ஆறு மாதமாக ஒரே இடத்தில் ஊறிக்கிடந்த ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று தூணிலிருந்து மெல்ல விலகி, அரைவட்டம் சுற்றி, கிளம்பியது. கொக்கு ஒன்று அதன்மேல் நின்றபடியே போனது. அதற்கு மறுநாள், பெரியவர் சொன்ன கணக்குப்படி, பாலத்துக்கு நேர் கீழே ஒரு மடவை துள்ளி விழுந்தது. வட்டமாக அலை விரிந்து கரையைத் தொடும் முன்னால் இன்னொன்று துள்ளியது.